வலிக்கு எத்தனை மார்க்? மருத்துவ மாணவர்கள் கேட்கக் கற்க வேண்டிய கேள்வி

"சாக்கிட் பெராப்பா? கோசோங் சம்பாய் செப்புலோ?" அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருப்பவரிடம் தாதி கேட்கும் கேள்வி இது. பூச்சியத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை? என் பாட்டியிடமும் கேட்டாங்க. "பரவால்லம்மா" என்றார். அட்டையில் 2 என்று விழுந்தது. அன்று ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை.

கேள்வி நல்ல கேள்விதான். 2008-இல் மலேசிய சுகாதார அமைச்சு அரசாங்க மருத்துவமனைகளுக்கு ஒரு விதியைக் கொண்டு வந்தது: உடல் வெப்பம், நாடித் துடிப்பு, சுவாசம், ரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகப் பதிய வேண்டும். எண் சொல்லத் தெரியாத குழந்தைக்கு முகபாவம், கால் அசைவு, அழுகை எல்லாம் பார்த்து மார்க் போட ஒரு அளவுகோலும் உண்டு.

அளவுகோல் இருக்கு, சரி. அதைக் கையில் பிடிப்பவருக்கு யார் சொல்லித் தருவது?

ஜொகூரில் இது சின்ன விஷயம் இல்லை. இஸ்கண்டார் புத்ரியில் நியூகாசல் பல்கலைக்கழக மருத்துவ வளாகம் இருக்கிறது. ஜொகூர் பாருவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பயிற்சிப் பள்ளி. இவர்களோடு தாதியர் மாணவர்களும் இங்குள்ள வார்டுகளில்தான் தொழில் பழகுகிறார்கள்.

உலகம் முழுக்கவே வலி பற்றிய பாடம் மெலிந்ததுதான். 2009-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்று 10 பல்கலைக்கழகங்களைப் பார்த்தது. வலிக்கென ஒதுக்கிய கட்டாயப் பாட நேரம், மருத்துவ மாணவர்களுக்குச் சராசரியாக 16 மணி. கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு? 87 மணி! நாய்க்கு வாய் பேச வராது, அதனால் கவனிக்கக் கற்றுத் தருகிறார்கள். மனிதர் வாய் திறந்து சொல்லிவிடுவார் என்று நினைத்துவிட்டோம் போல.

இந்த இடைவெளியை நிரப்ப 2010-இல் பாப்புவா நியூ கினியில் ஒரு குறும்பயிற்சி தொடங்கியது. நியூசிலாந்தின் டாக்டர் வெய்ன் மோரிஸ், ஆஸ்திரேலியாவின் டாக்டர் ரோஜர் கௌக் இருவரும் உருவாக்கியது. வலியைக் கண்டறி, மதிப்பிடு, சிகிச்சை கொடு: மொத்தமே இந்த மூன்று படிதான். மாணவர்களுக்கென்று இன்னும் சுருக்கமான வடிவமும் உண்டு.

நடுவில் இருக்கும் 'மதிப்பிடு'தான் கஷ்டமானது. தமிழ் வீட்டில் யாரும் "எனக்கு ஏழு" என்று சொல்ல மாட்டார்கள். குத்துது, குடையுது, எரியுது, சுரீர்னு இழுக்குது, மரத்துப் போச்சு என்பார்கள். இதெல்லாம் வெறும் புலம்பல் இல்லை. நீரிழிவு உள்ளவர் "பாதம் எரியுது, ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்றால் நரம்பு வலியாக இருக்கலாம். பாராசிட்டமால் அதற்குப் பெரிதாக உதவாது. அமிட்ரிப்டைலின், காபாபென்டின் போன்ற வேறு வகை மருந்துகளை டாக்டர் யோசிப்பார். மலேசியாவில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால், அந்த ஒரு சொல் "சாக்கிட்" என்று சுருங்கிப் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

எண்ணை மட்டும் நம்பினால் வேறு ஆபத்தும் உண்டு. ஐந்தாவது உயிர்க்குறி என்ற முழக்கம் 1990-களில் அமெரிக்காவில் பிறந்தது. அங்கே ஓபியாய்டு மாத்திரைப் பழக்கம் பெரும் நெருக்கடியாக மாறியதும், 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அதைக் கைவிடச் சொன்னது. மலேசியா கைவிடவில்லை. நாள்பட்ட வலிக்கு மாத்திரை மட்டும் போதாது என்பதும் இங்கே தெரிந்ததுதான். செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் மேரி கார்டோசாவின் குழு நடத்திய 'மெனாங்' திட்டம் உடற்பயிற்சி, மனப் பயிற்சி மூலம் வலியோடு நடமாடப் பழக்கியது. மலாயில் மெனாங் என்றால் வெற்றி.

அடுத்த முறை பாட்டிக்கு நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர் என்றால், "பரவால்ல" என்பதை அப்படியே எண்ணாக்கித் தராதீங்க. இருமினால் வலிக்குதா, எழுந்து உட்கார முடியுதா, ராத்திரி தூங்கினாங்களா என்று கேளுங்க. அவங்க சொன்ன அதே சொல்லையும் தாதியிடம் சொல்லுங்க. எரியுதுன்னா எரியுதுன்னு.