அடி உதவவில்லை, சார்

காலை நடை முடிந்ததும் எங்கள் காலனிப் பூங்காவில், வேப்ப மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் ஒரு சபை கூடும். ஐந்தாறு பேர். எல்லோருமே எழுபதைத் தாண்டியவர்கள். போன வாரம் பேச்சு எப்படியோ கொரோனா நாட்களுக்குப் போய்விட்டது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அழுத்தந்திருத்தமாகச் சொன்னார்:

"என்ன சொல்லுங்க சார், அன்னிக்கு அந்தக் கண்டிப்பு மட்டும் இல்லேன்னா சென்னை அவ்வளவுதான். வீட்டுக்குத் தகரம் அடிச்சாங்க, தெருவை மூடினாங்க, போலீஸ்காரன் லத்தியைத் தூக்கினான். அதனாலதான் நாம இங்க உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கோம். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. பெஞ்சில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடி உதவவில்லை. சென்னையில் அடி நோயை விரட்டவில்லை. நோயாளியைத்தான் ஒளிந்துகொள்ள வைத்தது.

ஊரடங்கே வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. தொற்று நோய்க்கு விலகி இருப்பது அவசியம். முகக்கவசமும் அவசியம். நான் சொல்வது வேறு. 2020-இல் இந்த மாநகரம் இரண்டு வழிகளைக் கையாண்டது. ஒன்று பயமுறுத்துவது, இன்னொன்று வீடு தேடிப் போய் உதவுவது. இரண்டையும் செய்தது ஒரே மாநகராட்சிதான், ஒரே அரசுதான். ஆனால் ஐந்தாறு வருடம் கழித்து நமக்கு ஞாபகம் இருப்பது முதலாவது மட்டும். பலன் தந்தது இரண்டாவது. இதுதான் என் வழக்கு.

முதலில் கோயம்பேட்டை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. காய்கறிக் கடைகூடத் திறக்காது என்றார்கள். நடுவில் இருந்தது சனிக்கிழமை ஒரே ஒரு நாள். அன்று கோயம்பேடு எப்படி இருந்தது என்பதைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். தோளோடு தோள் உரச, மூட்டையும் பையுமாக ஜனங்கள். கட்டுப்பாட்டை இறுக்கிப் பிடிக்கப் போய், நகரத்திலேயே மிகப் பெரிய கூட்டத்தை நாமே கூட்டிவிட்டோம்.

அந்த ஒரு நாளில்தான் எல்லாம் பரவியது என்று சொன்னால் அது பொய். மார்க்கெட்டுக்குள் தொற்று ஏற்கெனவே இருந்தது. இடம் மாற்றும் யோசனையை வியாபாரிகள் சிலர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் நான்கு நாள் சோறு என்ன ஆகும் என்ற பயத்தைக் கிளப்பிவிட்டு, கூட்டம் போடாதே என்று அதட்டினால் யார் கேட்பார்கள்? மே 5-ஆம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். பிறகு திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் கோயம்பேட்டிலிருந்து ஊருக்குத் திரும்பிய தொழிலாளர்கள் மூலம் கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை தொற்று போய்விட்டது. ஏப்ரல் கடைசியில் 1,000-ஐத் தொடாத சென்னையின் மொத்த எண்ணிக்கை, மே கடைசியில் 14,000-ஐத் தாண்டியது. அந்த மே மாதம் முழுக்க ஊரடங்குதான் இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்தது ஸ்டிக்கரும் தகரமும். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டு வாசலில் ஸ்டிக்கர். யார் வீடு, எதற்கு என்றுகூடச் சரியாகப் பார்க்காத அவசரம். ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசன் வீட்டிலேயே தவறாக ஒட்டிவிட்டுப் பிறகு எடுத்தார்கள். அவர் பிரபலம், மறுநாளே செய்தி ஆனது. பெயர் தெரியாத வீடுகளில் ஒட்டியது ஒட்டியதுதான். அதன் பிறகு பால்காரர் வரமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமே, இப்படி நோட்டீஸ் ஒட்டிய வீட்டுக்காரர்கள் தீண்டத்தகாதவர்கள் போல நடத்தப்படுகிறார்கள் என்று கவலைப்பட்டது. சட்டப்படி உரிய அதிகாரி தனியாக உத்தரவு போட்டாலொழிய ஒட்டக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் அதற்குள் முதல் அலையே முடிந்துவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். அந்த வருடம் நான்தான் சங்கத்தின் செக்ரட்டரி. எதிர்த் தெருவில் ஒரு வீட்டுக்குத் தகரம் அடித்த மறுநாள், நான் ஒரு நோட்டீஸ் தயார் செய்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். "காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் உடனடியாகச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறைப்பவர்கள் மீது காவல் நிலையத்தில் புகார் செய்யப்படும்." கீழே என் கையெழுத்து. நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன். பல பேர் பாராட்டினார்கள்.

அதோடு விட்டேனா? அந்த நாட்களில் மாநகராட்சி அனுப்பிய கணக்கெடுப்புப் பெண் ஒருத்தி தினமும் வருவாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம். அவளே தொற்றைக் கொண்டுவந்துவிடுவாள் என்று சொல்லி, கேட்டுக்கு உள்ளே விடக் கூடாது என வாட்ச்மேனுக்கு உத்தரவு போட்டேன். அவள் வெளியே வெயிலில் நின்று கேட்பாள்: "வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா? ருசி, வாசனை தெரியுதா?" வாட்ச்மேன் உள்ளிருந்தபடியே, "இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்பார். அவள் எழுதிக்கொண்டு போவாள்.

மூன்றாவது மாடியில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஜூன் மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து மருந்துக் கடையில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று, மருமகன் வேறு பேட்டைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். ஏழாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

பல மாதம் கழித்து அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னார்: "தகரம் அடிச்சிடுவாங்கன்னு பயந்தார். செக்ரட்டரி போலீஸ்ல சொல்லிடுவாருன்னு அதைவிடப் பயந்தார்."

இந்த நோயில் மூச்சுத் திணறல் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும். விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கருவி இரண்டு நாள் முன்னால் அவர் விரலில் ஏறியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய்ப்பைக் கேட்டில் தடுத்து நிறுத்தியவன் நான். என் கண்டிப்பு எங்கள் கட்டடத்தில் ஒருவரையும் காப்பாற்றவில்லை. ஒருவரை மறைய வைத்தது.

இப்போது சொல்லுங்கள். ஊர் முழுக்க எத்தனை லிஃப்ட் பக்கத்தில் எத்தனை நோட்டீஸ் இருந்திருக்கும்?

பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த ஏப்ரல் 19-ஆம் தேதி இரவு ஒன்று போதும். தொற்றில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யக் கீழ்ப்பாக்கத்தில் விடவில்லை. அண்ணா நகர் பக்கம் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். கடைசியில் உடன் வேலை பார்த்த மருத்துவர் ஒருவர் திரும்பி வந்து, தன் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். கல்லெறிந்தவர்கள் ராட்சசர்கள் இல்லை. நோயாளி என்றால் ஆபத்து, தள்ளி வை என்று ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள்.

சரி, பிறகு எப்படித்தான் தணிந்தது? நண்பர் கேட்பார், எனக்குத் தெரியும். ஜூன் 19-இல் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள், அதில்தான் அடங்கியது என்பார். ஜூன் கடைசியில் சென்னையில் ஒரு நாளைக்கு 2,000-க்கு மேல் வந்தது உண்மை. ஜூலை நடுவில் 1,200 அளவுக்கு இறங்கியதும் உண்மை. அந்த ஊரடங்குக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மார்ச் 24 மாலையிலிருந்து மே வரை அதைவிட நீண்ட ஊரடங்கு இருந்ததே, அப்போது ஏன் ஏறிக்கொண்டே போனது? ஜூனில் புதிதாகப் பலமடைந்தது என்ன?

காய்ச்சல் முகாம். 200 வார்டுகளிலும், தெருமுனையில் ஒரு பந்தல், நாலு நாற்காலி, ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். தினமும் நகரம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் நடந்தது. காய்ச்சல் பார்ப்பார்கள், விரலில் ஆக்சிஜன் பார்ப்பார்கள், மாத்திரை தருவார்கள், கபசுரக் குடிநீர் தருவார்கள். சந்தேகம் இருந்தால் சளி எடுப்பார்கள். அதிகாரம் இல்லை, அதட்டல் இல்லை. இன்னொரு பக்கம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாக நடந்தார்கள். எங்கள் கேட்டுக்கு வெளியே நின்ற பெண் அவர்களில் ஒருத்தி. தனிமையில் இருப்பவர்களுக்கு மளிகையும் மருந்தும் வாங்கித் தரத் தன்னார்வலர்களை அமர்த்தினார்கள். பரிசோதனை நாளுக்குப் பத்தாயிரம் அளவுக்கு உயர்ந்தது. அம்மா உணவகங்களில் இலவசமாகச் சாப்பாடு கிடைத்தது. வீட்டில் அடைந்து கிட என்றால், அடைந்து கிடப்பவன் வயிற்றுக்கு என்ன என்று யோசித்த வேலை இது.

மாத்திரை கிடைக்கும் என்றால் நோயாளி தானே வருவான். தகரம் அடிப்பார்கள் என்றால் பின்வாசல் வழியாகப் போவான். இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. பிள்ளை வளர்த்தவர்களுக்கே தெரியும். மார்க் குறைந்தால் அடிக்கிற வீட்டில்தான் ராங்க் கார்டு ஒளிந்துகொள்ளும்.

இது புதிய பாடமும் இல்லை. 2020-இல் அரசு கையில் எடுத்த தொற்றுநோய்ச் சட்டம் 1897-இல் வெள்ளைக்காரன் பிளேக்குக்காகப் போட்டது. புனேயில் அந்த வருடம் சிப்பாய்களை வீட்டுக்குள் அனுப்பி நோயாளிகளைத் தேடினார்கள். ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். ஆத்திரம் முற்றி, பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். 123 வருடம் கழித்தும் அதே சட்டம், ஏறக்குறைய அதே மனப்பான்மை.

லத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது சென்னை இல்லை, ஆனால் இதே மாநிலம், இதே ஊரடங்கு. சென்னையில் முழு ஊரடங்கு தொடங்கிய அதே ஜூன் 19-ஆம் தேதி, சாத்தான்குளத்தில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்ற புகாரில் ஒரு தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இரண்டு பேரும் உயிரோடு இல்லை. "லத்தியைத் தூக்கினான், அதனால பிழைச்சோம்" என்று பெஞ்சில் உட்கார்ந்து சொல்லும்போது, அந்த வீட்டையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டாமா?

மறைத்தது ஜனங்கள் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. சென்னையில் நடந்து, மாநிலக் கணக்கில் விடுபட்டுப்போன 444 மரணங்களை ஜூலை 22-ஆம் தேதிதான் சேர்த்தார்கள். அதுவும் மாநகராட்சிப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்த பிறகு. கணக்கில் வராத நோயை எந்தத் தகரத்தாலும் அடைக்க முடியாது.

நான் ஏன் இப்போது இதைக் கிளறுகிறேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அடுத்த நோய் வரும்போது முடிவெடுப்பவர்களிடம் நம் தலைமுறைதான் போய் ஆலோசனை சொல்லும். குடியிருப்போர் சங்கங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான். "அன்னிக்குக் கண்டிப்பா இருந்தோம், ஜெயிச்சோம்" என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால், அடுத்த முறை முதலில் வருவது தகரமாகத்தான் இருக்கும், பந்தல் இல்லை.

ஆகவே சங்கப் பொறுப்பில் இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு நாள் வந்தால், லிஃப்ட் பக்கத்தில் இப்படி எழுதி ஒட்டுங்கள்: "யாருக்காவது காய்ச்சல் என்றால் உடனே சொல்லுங்கள். பால், மருந்து, சாப்பாடு வாசலில் கொண்டுவந்து வைக்கிறோம். உங்கள் பெயரை யாரிடமும் சொல்லமாட்டோம்." கணக்கெடுக்க வரும் பெண்ணை உள்ளே கூப்பிட்டு, நிழலில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் அவளையே தட்டச் சொல்லுங்கள்.

என்னுடைய அந்த நோட்டீஸின் நகல் சங்கத்துக் கோப்பில் இன்னும் இருக்கிறது. நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போகப்போகிறேன். பழமொழி சொன்ன நண்பரிடம் கொடுத்து, கீழே இருக்கும் கையெழுத்து யாருடையது என்று பார்க்கச் சொல்லப்போகிறேன்.