காப்பு களையும் நாள்

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு ஒருமுறையாவது போனவர்களுக்குத் தெரியும், அங்கே வேஷம் கட்டுவது சும்மா கூத்து இல்லை. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டுவிட்டால் அதற்கப்புறம் அந்த ஆள் வேறு ஆள். 41 நாள், 21 நாள், 11 நாள் என்று வேஷத்துக்குத் தக்கபடி விரதம். காளி வேஷம் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். கொடி ஏறியதும் கையில் காப்பு. ராஜா, குறத்தி, போலீஸ், குரங்கு, பிச்சைக்காரன் என்று என்ன வேஷமோ அதைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக, கடை கடையாகக் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் சேர்க்க வேண்டும். வசதியுள்ள முதலாளியும் தட்டேந்தி நிற்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். அதற்கு மறுநாள் காப்பு களைவார்கள். அவ்வளவுதான், முடிந்தது. காளி மறுபடி கொத்தனார் ஆகிவிடுவார், குறத்தி காலேஜுக்குப் போய்விடுவான், வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும். நேர்ந்த கணக்கு தீர்ந்தபிறகு அடுத்த வருஷம் மாலை போடாமல் இருந்தால் "ஏன் போடலை?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். பெண் கொடுக்க மாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை.

கண்டிப்பும் கட்டுப்படுத்துவதும் ஒன்றல்ல என்று புரிய வைக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. குலசையின் விரதம் கடுமையானது. ஆனால் அதில் ஏறும் வழி இருப்பதுபோல இறங்கும் வழியும் இருக்கிறது, தேதி குறித்தே இருக்கிறது. காப்பைக் கட்டத் தெரிந்து களையத் தெரியாத, களைய விடாத குழுக்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கூடவே கொஞ்சம் கிரிக்கெட், கொஞ்சம் பேஸ்பால். (என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பொறுமையாகப் படிக்கவும்.)

அதே கடற்கரை வட்டாரத்தில், தேரிக்காட்டைச் சுற்றி எத்தனை சபைகள்! 1799-ல் முதலூர் உருவானதிலிருந்து, மதம் மாறியதால் ஊரில் இருக்க முடியாமல் விரட்டப்பட்டவர்கள் சேர்ந்து கட்டிய கிராமங்கள் இங்கே பல. முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று அடுக்கலாம். அந்த மிஷன்கள் கோயிலோடு பள்ளிக்கூடத்தையும், பள்ளிக்கூடத்தோடு விளையாட்டு மைதானத்தையும் கொண்டுவந்தன. இந்தப் பக்கத்துப் பையன்கள் பந்து பிடிக்கக் கற்றதில் பாதிரிமாருக்கும் பங்கு உண்டு.

பிற்பாடு வந்த சின்னச் சின்னக் குழுக்களில் சிலவற்றுக்கு அந்தப் பந்தே ஆகாமல் போயிற்று. எல்லாச் சபையும் அப்படி இல்லை, பெரும்பாலானவை அப்படி இல்லவே இல்லை. ஆனால் டிவி கூடாது, சினிமா கூடாது, நகை கூடாது, வெளியாட்களோடு கூட்டுக் கூடாது, விளையாட்டும் கூடாது என்று சொல்லும் கூட்டங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரே பெயர்: 'உலகம்'. அவன் உலகத்தோடு போய்விட்டான் என்றால் கதை முடிந்தது. கிறிஸ்தவர்களிடம் மட்டும்தான் இது என்று யாரும் கைகொட்ட வேண்டாம். ஆசிரமம் வைத்தும் செய்கிறார்கள், ஜமாத் வைத்தும் செய்கிறார்கள்.

அப்படி ஒரு வீட்டில் பிறந்து, கிரிக்கெட் பைத்தியமாக வளரும் பையனை நினைத்துப் பாருங்கள். ஸ்கோர் தெரிய டீக்கடை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். போஸ்டர் ஒட்ட முடியாது. அந்தக் காலத்தில் ஒரே துணை வானொலி. தலையணைக்கு அடியில் டிரான்சிஸ்டர், சத்தம் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. இந்த மண்ணுக்கு அதிலும் ஒரு பெருமை உண்டு. தமிழில் கிரிக்கெட் வர்ணனை என்றால் பலர் நினைவுக்கு வரும் குரல், 2020-ல் மறைந்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பாருடையது. குலசையிலிருந்து கூப்பிடு தூரம். பார்க்காத மைதானத்தைக் காதுக்குள் விரித்துப் போடும் குரல் அது. கண்ணால் பார்ப்பது பாவம் என்று சொல்லப்பட்ட பையனுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்!

ஒரு விளையாட்டைக் கண்டு இந்தக் குழுக்கள் ஏன் இப்படி நடுங்குகின்றன? நேரம் வீணாகிறது, சூதாட்டம் நடக்கிறது என்று காரணம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் உண்மையான பயம் வேறு மாதிரி. டீமில் பதினோரு பேர் வேண்டும். பதினோரு பேரும் ஒரே சபையில் கிடைக்க மாட்டார்கள். பக்கத்துத் தெருவின் இசக்கிமுத்து, காயல்பட்டினத்துப் பையன், திருச்செந்தூரில் கோயிலுக்கு மாலை கட்டுகிறவர் மகன் எல்லாரும் சேர்ந்தால்தான் ஆட்டம். அவர்களோடு ஒரு சாயங்காலம் ஓடி விழுந்து எழுந்தவனிடம், அவர்களெல்லாம் அழிந்துபோகிறவர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். இன்னொன்று, ஆட்டத்தின் முடிவு தலைவருக்கும் தெரியாது. எதற்கும் முன்கூட்டியே பதில் வைத்திருக்கும் மனிதருக்கு, ஐந்தாம் நாள் பிட்ச் என்ன செய்யும் என்று சொல்ல வராது. அதைவிடப் பெரிய சங்கடம், ரசிகன் வாதம் செய்வான். அம்பயர் தப்பு, கேப்டன் தப்பு, செலக்டர் தப்பு என்று தினமும் பேசிப் பழகிய வாய் என்றைக்காவது ஒருநாள் போதகர் பக்கமும் திரும்பத்தானே செய்யும்?

தடுக்காமல், ஆட்டத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்ட ஒரு குழுவும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் என்ற ஊரில் 1903-ல் பெஞ்சமின் பர்னலும் அவர் மனைவி மேரியும் 'தாவீதின் வீடு' என்ற சமூகத்தைத் தொடங்கினார்கள். சேருகிறவர் தன் சொத்தையெல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும். முடி வெட்டக்கூடாது, சவரம் கூடாது, இறைச்சி கூடாது, புருஷன் பெண்டாட்டியும் பிரம்மச்சரியம் காக்க வேண்டும். ஒழுங்காக இருந்தால் சரீரத்துக்குச் சாவே கிடையாது என்று வாக்கு.

இவர்கள் ஒரு பேஸ்பால் டீம் வைத்திருந்தார்கள்! பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு வரை முடியும் நெஞ்சு வரை தாடியுமாக அந்த ஆட்டக்காரர்கள் 1920-களில் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். ஆட்டத்தின் நடுவே பந்தை வைத்து வித்தை காட்டுவார்கள், அதைப் பார்க்கவே கூட்டம் வரும். கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீக்குகள் 1947 வரை ஒதுக்கி வைத்திருந்தன. அந்தக் காலத்திலேயே, கறுப்பர்களின் புகழ்பெற்ற அணியான கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸோடு இவர்கள் சுற்றுப்பயணம் போய் ஆடியிருக்கிறார்கள். பேப் ரூத் என்ற பேஸ்பால் சக்கரவர்த்தியை 1931-ல் ஒரு காட்சி ஆட்டத்தில் அவுட்டாக்கிய ஜாக்கி மிட்செல் என்ற இளம்பெண்ணும் 1933-ல் இவர்கள் டீமில் பந்து வீசினார். வெளியிலிருந்து பார்த்தால் எவ்வளவு முற்போக்கான கூட்டம்!

உள்ளே கதை வேறு. வெளியேறிய சிலர் ஒப்படைத்த சொத்தைத் திருப்பிக் கேட்டு கோர்ட்டுக்குப் போனார்கள். பர்னல் மீது அந்தச் சமூகத்தில் வளர்ந்த பெண்களே சாட்சி சொன்னார்கள். சில வருஷம் தலைமறைவாக இருந்த மனிதர் 1926-ல் பிடிபட்டார், அதுவும் தன் சமூகத்தின் இடத்துக்குள்ளேயே. 1927-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அந்த டிசம்பரிலேயே இறந்துபோனார். சாவே இல்லை என்று சொன்னவர்! 1930 வாக்கில் சமூகம் இரண்டாக உடைந்தது. டீம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆள் பற்றாமல் வெளியாட்களைச் சம்பளத்துக்கு எடுத்து, தாடி வளர்க்கச் சொல்லி ஆட வைத்தார்கள். தலைவருக்கு அந்த டீம் விளம்பரம், வருமானம். ஆடிய பையன்களுக்கோ அது ரயில், புது ஊர், எதிரணிக்காரனின் கைகுலுக்கல். அதே தாடி, ஆனால் பார்த்த உலகம் வேறு.

தானாக மனம்வந்து ஆட்டத்தை விட்டவர்களும் உண்டு, அவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. 1882-ல் இங்கிலாந்து ஏழு ரன்னில் தோற்று, 'ஆஷஸ்' என்ற பெயரே பிறக்கக் காரணமான ஓவல் டெஸ்டில் ஆடியவர் சி.டி. ஸ்டட். 1885-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். பிறகு 1900 முதல் 1906 வரை நம் ஊட்டியில்தான் சபை ஊழியம். தன் விருப்பத்தால் துறந்தார், அதை மதிக்கலாம். ஆனால் கடைசிக் காலத்தில் காங்கோவில் கூட வேலை செய்தவர்களும் தன்னைப்போலவே எல்லாவற்றையும் துறக்க வேண்டும் என்று அவர் நெருக்கியதில் பலர் விலகிப் போனார்கள், தாய்நாட்டில் இருந்த குழுவோடும் முறிந்தது. தன் மட்டையைத் தான் வைப்பது ஒன்று. அடுத்தவன் மட்டையைப் பிடுங்குவது வேறு.

சரி, வெளியேறுவது அவ்வளவு கஷ்டமா? பிடிக்கவில்லை என்றால் வந்துவிட வேண்டியதுதானே? பட்டணத்துக்காரர்கள் சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். கிராமத்தில் குழு என்பது ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மட்டும் இல்லை. தங்கச்சி கல்யாணம் அதற்குள் இருக்கிறது, அப்பா வேலை அதற்குள் இருக்கிறது, செத்தால் ஆறடி நிலமும் அதற்குள் இருக்கிறது. நாசரேத்தில் மிஷனரியோடு மோதிய அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-ல் பிரிந்து, பக்கத்துப் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரப் பாதிரி இல்லாத, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட சபையைத் தொடங்கினார். அவரால் முடிந்ததற்குக் காரணம், அவரோடு ஒரு கூட்டமே வெளியே வந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆள் இருந்தது. இன்றைக்குத் தனியாக வருகிற பையனுக்கு அதெல்லாம் ஏது?

சட்டமும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. விலக்கி வைப்பதைத் தடுக்க பம்பாய் மாகாணம் 1949-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தாவூதி போரா சமூகத்தின் தலைவர் எதிர்த்து வழக்குப் போட்டார். மதக் குழு தன் காரியத்தைத் தானே நடத்தும் உரிமை என்று சொல்லி 1962-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. தலைமை நீதிபதி சின்ஹா மட்டும் மாறுபட்டார். தனிமனிதனின் மனசாட்சிக்கும் அரசியல் சட்டத்தில் இடம் இருக்கிறதே என்பதை அன்றைக்கு மற்ற நீதிபதிகள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வியை 2023-ல்தான் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். குழுவின் சுதந்திரம், குழுவுக்குள் இருப்பவனின் சுதந்திரம், இரண்டும் முட்டிக்கொள்ளும்போது எது பெரிது என்பதற்கு அறுபது வருஷம் கழித்து மறுபடி முதல் பந்து.

வெளியே வந்தவனுக்கு முதல் சில மாதம் பயங்கர வெறுமை. வாரத்தில் நாலு நாள் கூட்டம், ஜெபம் என்று இருந்த நேரமெல்லாம் காலி. பேச ஆள் இல்லை. அப்போது அந்தப் பழைய பைத்தியம் உதவும். ரஞ்சி சீசன் எப்போது, ஐபிஎல் எப்போது என்று வருஷத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கும். டீக்கடையில் யாரென்றே தெரியாதவரோடு அரைமணி நேரம் பேசலாம், அவர் உன் ஆத்துமா எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்க மாட்டார். சின்ன வயதில் ஒளித்து வைத்த ஒரே பொருள் கையோடு வந்திருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். குழு கொடுக்காத, குழுவால் பிடுங்க முடியாத ஒன்று.

இதுவும் ஒரு மதம்தானே, கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவது தெரியாதா என்று சிலர் கிளம்புவார்கள். நியாயமான கேள்வி. 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் கல்கத்தாவில் பாட்டில் எறிந்து, நாற்காலி கொளுத்தி ஆட்டத்தையே நிறுத்தினார்களே, அதுவும் ரசிகர்கள்தான். தோற்றால் ஆட்டக்காரன் வீட்டில் கல்லெறிகிற கூட்டம் எந்த வெறிக்கூட்டத்துக்கும் சளைத்ததல்ல. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. நாளை முதல் கிரிக்கெட்டே பார்க்க மாட்டேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் அம்மா அவரோடு பேசாமல் இருக்க மாட்டார். ஆட்டமும் அவரைத் தேடி வந்து மிரட்டாது. ரெண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் எங்கே போனாய் என்று கேட்காமல் ஸ்கோர் சொல்வார்கள்.

1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் சமனில் முடிந்த நாள். கடைசி ஓவரில் ஒரு பந்து மிச்சமிருக்க, கிரெக் மாத்யூஸ் பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. மட்டையில் பட்டது என்று மணிந்தர் சொல்லிக்கொண்டே இருந்தார், அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கியது தூக்கியதுதான். அன்றைக்கு எந்தெந்த வீட்டில் எத்தனை டிரான்சிஸ்டர்கள் போர்வைக்குள் இருந்தனவோ. அந்தப் பையன்களுக்கு இப்போது ஐம்பது வயசு இருக்கும். திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்து மணிந்தர் அவுட்டா என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் அவுட் என்பார், இன்னொருவர் சத்தியமாக இல்லை என்பார். பஸ் வரும்வரை ஓயாது.