வீட்டு வரி பாக்கி: எது கோர்ட் உத்தரவு?

சம்பா அறுவடை முடிந்து, மார்ச் கணக்கு முடிக்கும் நாள் நெருங்கும்போது வீட்டு வரி பாக்கித் தாள்கள் நம் காலனித் தெருக்களுக்கு வருகின்றன. "கோர்ட்டிலேருந்து வந்திருக்கு" என்று பதறி நீட்டுகிறார்கள். பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அது ஊராட்சியின் கேட்பு நோட்டீஸ். அடியில் 'கட்டத் தவறினால் நீதிமன்ற நடவடிக்கை எடுக்கப்படும்' என்றிருக்கும். அந்த ஒரு வரிதான் கோர்ட் ஆகிவிடுகிறது.

வரியே கட்டவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சி வீட்டு வரி விதித்தாக வேண்டும். அந்த ரசீது நமக்கும் தேவை. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்க 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் பட்டா இல்லாத வீடுகள் நம் தெருக்களில் இன்றும் உண்டு. வீட்டு வரி ரசீதை வைத்து மனைக்கு உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது. ஆனால் இத்தனை வருடமாக இங்கேதான் இருக்கிறோம் என்று காட்ட அது உதவும். பழைய ரசீதுகளைக் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள்.

சரி, கோர்ட் தாள் எது? நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் ஆஜராக வேண்டிய தேதியும் அதில் இருக்கும். கையெழுத்தும் முத்திரையும் நீதிமன்றத்துடையவை. ஊராட்சி முத்திரை கோர்ட் முத்திரை ஆகாது.

இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது, குழப்பம் அதில்தான் அதிகம்: மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத். வழக்கு போடும் முன்பே பாக்கிப் பிரச்சினைகளை அங்கே கொண்டுபோக முடியும். அங்கிருந்து வருவது பேசித் தீர்க்க அழைப்பு. இரு தரப்பும் சம்மதிக்காமல் 'இவ்வளவு கட்டு' என்று அதனால் தீர்ப்புச் சொல்ல முடியாது. பஞ்சாபில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் லோக் அதாலத் தானாகவே தொகையை உயர்த்தியது. 2008இல் ஜலோர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆனால் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது. எந்தெந்த வருடத்துப் பாக்கி, ஏற்கெனவே கட்டியது கழிக்கப்பட்டதா, இடிந்துபோன பழைய வீட்டுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று கணக்கைக் கேட்காமல் பேனாவைத் தொடவேண்டாம்.

நிஜமான சம்மன் வந்தால் கூரையில் செருகி வைப்பது ஆபத்து. போகாவிட்டால் நம் பக்கம் கேட்காமலே உத்தரவு ஆகிவிடலாம். அதிகாரம் இல்லாத நீதிமன்றம் போட்ட உத்தரவு செல்லாது என்று 1954இலேயே கிரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அந்த வாதத்தை டீக்கடையில் பேசிப் பயனில்லை, நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டும். சிவில் தீர்ப்பாணையே வந்துவிட்டாலும் எல்லாவற்றையும் ஜப்தி செய்ய முடியாது. விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீடு, சமையல் பாத்திரம், படுக்கை, கூலி இவற்றுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு விலக்குத் தருகிறது.

இதையெல்லாம் சொல்ல வக்கீல் வேண்டுமே, காசுக்கு எங்கே போவது? 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வக்கீல் இலவசம், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. நாற்பது வருடம் நெருங்கப்போகிறது, நம் தெருவில் இது தெரிந்தவர்கள் சிலர்தான். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நோட்டீஸைப் படித்துக் காட்டினாலே பாதி பயம் போய்விடும். மீதிக்கு, தாளையும் சாதிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போகலாம். போன் செய்வதானால் எண் 15100.