பழைய சீட்டு, புதிய அட்டை

பட்டாசு ஆலையின் வாசலில் சோதனை உண்டு. பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். இரும்புக் கருவிக்கு இடமில்லை. வெடிமருந்து கலப்பதும் செலுத்துவதும் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். குடித்துவிட்டு வந்தவரை உள்ளே விடக் கூடாது என்பதும் விதிதான். குடித்தவரை வாடை காட்டிக்கொடுத்துவிடும். முந்தின இரவு பதினோரு மணிக்கு விழுங்கிய மாத்திரைக்கு வாடை கிடையாது. காலை ஏழரை மணிக்கும் அது உடம்பில்தான் இருக்கிறது. கை கொஞ்சம் மந்தப்படுகிறது. கண் பார்த்ததை மனம் பிடிக்க ஒரு கணம் தாமதமாகிறது. உராய்வு ஒன்றே உயிரைக் குடித்துவிடும் அறையில் அந்த ஒரு கணத்துக்கு என்ன விலை என்பது விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

'நரம்பு மாத்திரை' என்றும் 'தூக்க மாத்திரை' என்றும் ஊரில் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம், லோரசெபம், நைட்ரசெபம் எல்லாம் பென்சோடயசபைன் வகை. மாத்திரை என்ற சொல்லோடு 'போதை' சேர்ந்து செய்தி வரும்போது நாம் படிப்பது எப்போதும் இளைஞர்களைப் பற்றித்தான்: சென்னையிலோ கோவையிலோ பிடிபட்ட நைட்ரசெபம், டேபெண்டடால் பெட்டிகள், கைதானவர்கள், வழக்கு எண். காவல்துறைக்கு அங்கே வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முறையான மருத்துவர் முறையாக எழுதிக்கொடுத்த சீட்டோடு தொடங்கி, சீட்டு மங்கிக் கிழிந்த பிறகும் மாத்திரையை விட முடியாமல் தவிக்கும் நாற்பது வயதுப் பெண் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

அவரை மாத்திரை வரை கொண்டுவந்த பயம் கற்பனையானதல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள்கூட அல்லர், புகையைப் பார்த்துவிட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். 2023 அக்டோபர் 17 ரெங்கபாளையம். 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. இவை பெரிய எழுத்தில் அச்சானவை மட்டும். ஒருவர், இருவர் என்று இறந்தவை மாவட்டப் பக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. எங்கோ ஒரு சத்தம் கேட்டால், பயராபீஸுக்கு (பட்டாசு ஆலைக்கு) ஆள் போன ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தேடுவது செல்போனைத்தான். அந்த வீடுகளில் படபடப்பும் தூக்கமின்மையும் இருப்பதில் வியப்பென்ன?

இதோடு பிழைப்பின் நிச்சயமின்மையும் சேர்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பின் சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. சரம் பின்னுவதையே தொழிலாகக் கொண்டிருந்த பெண்களின் கைவேலை ஒரே தீர்ப்பில் போயிற்று. காற்று மாசைப் பற்றிய அந்தத் தீர்ப்பின் நியாயத்தை நான் இங்கே எடைபோடப் போவதில்லை. வாங்கிய முன்பணமும் குழுக் கடனும் மட்டும் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. வாரத் தவணை வாரவாரம் வந்துகொண்டுதான் இருந்தது.

இந்த நிலையில் ஒருவர் மருத்துவரிடம் போகிறார். நெஞ்சு படபடக்கிறது, கைகால் நடுங்குகிறது, இரவு முழுக்க விழிப்பு. நெஞ்சுப் பரிசோதனையில் கோளாறு ஒன்றும் இல்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் தரக்கூடியது ஒரு சீட்டுதான். நான் மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. நல்ல மருத்துவர் எழுதும் சீட்டில் பெரும்பாலும் இரண்டு மாத்திரைகள் இருக்கும். ஒன்று எஸ்சிடலோபிராம் போன்றது. பதற்ற நோய்க்கு முறையான சிகிச்சை அதுதான், ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மற்றது அல்பிரசோலமோ குளோனசெபமோ, அதுவரை தாங்கிக்கொள்ள மட்டும். நோயாளிக்குத் தெரிவதோ நேர் எதிரானது. ஒரு மாத்திரை போட்டு ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று போட்ட ஒரு மணி நேரத்தில் நெஞ்சு அடங்குகிறது, தூக்கம் வருகிறது. எதை விடுவார், எதை வைத்துக்கொள்வார்? துணைக்கு வந்தது தங்கிவிடுகிறது, சிகிச்சை நின்றுவிடுகிறது.

நம் நாட்டுச் சந்தை இதை இன்னும் சிக்கலாக்கியிருக்கிறது. எஸ்சிடலோபிராமையும் குளோனசெபமையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்பது இங்கே சர்வசாதாரணம். ஒன்று மாதக்கணக்கில் தொடர வேண்டியது, மற்றது சில வாரங்களில் நிறுத்த வேண்டியது. இரண்டையும் ஒன்றாக அடைத்துவிட்டால் ஒன்றைத் தொடர்ந்துகொண்டே மற்றதைக் குறைப்பது எப்படி? இந்தக் கூட்டு மாத்திரைகளை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மறுபடியும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரிட்டனில் 1988-இலேயே மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களுக்குத் தெளிவாக எழுதிவிட்டது: இந்த மாத்திரைகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தர வேண்டாம். டயசெபம் 'வேலியம்' என்ற பெயரில் 1963-இல் சந்தைக்கு வந்து, உலகமே அதைக் கொண்டாடி, கால் நூற்றாண்டு கழித்து வந்த எச்சரிக்கை அது. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் இன்னொன்றைச் சொன்னது. பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு முதல் மாதத்தில் இவற்றைத் தர வேண்டாம். உறவைப் பறிகொடுத்துத் துக்கத்தில் இருப்பவர்களுக்கு, வேறு மனநோய் இல்லாத நிலையில், தர வேண்டாம். இங்கே நாம் செய்வது என்ன? இழவு வீட்டில் அழுது அரற்றுபவரைப் பார்க்கப் பொறுக்காமல், 'ஒரு தூக்க ஊசி போட்டு விடுங்க சார்' என்று கேட்பது உறவினர்கள்தான். பரிவில் பிறந்த வேண்டுகோள் அது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னும் அந்த வீட்டில் மாத்திரை அட்டை மிஞ்சுகிறது.

பின்பு நடப்பது மருந்துக் கடையில்.

"தம்பி, அந்த நரம்பு மாத்திரை ஒரு அட்டை குடுய்யா."

"சீட்டு இருக்காக்கா?"

"பழைய சீட்டுதான்யா. போன தடவையும் இதக் காட்டித்தான வாங்குனேன்."

கடைக்காரர் ஊர்க்காரர், வருபவர் தெருக்காரர். மாத்திரை ஒன்று ஓரிரு ரூபாய். மருத்துவரைப் போய்ப் பார்க்க ஒரு நாள் கூலி போகும். அட்டை கைமாறுகிறது. 0.25 மில்லிகிராம் பலன் தராமல் போகும்போது 0.5 ஆகிறது, அதை 'பாயிண்ட் ஃபைவ்' என்று பெயர் சொல்லிக் கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

ஆண்களின் கதை சற்று வேறு வழியில் வந்து இதே கடையில் சேர்கிறது. குடியை நிறுத்த வருபவருக்கு முதல் நாட்களில் நடுக்கமும் வலிப்பும் வராமல் தடுக்கக் குளோர்டயசெபாக்சைடு, டயசெபம், லோரசெபம் ஆகியவற்றைத் தருவதுதான் சரியான மருத்துவம். சில நாட்களில் குறைத்து நிறுத்த வேண்டியது அது. மறுபரிசோதனைக்கு வராதவர் மாத்திரையைத் தொடர்கிறார். சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்ததும் குடிக்கும் திரும்புகிறார். இரண்டும் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். இந்த மாத்திரைகளால் வரும் சாவுகளில் மிக அஞ்ச வேண்டியது இந்தக் கூட்டைத்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்து விதிகளில் 2013-இல் கொண்டுவரப்பட்ட எச்-1 அட்டவணையில் அல்பிரசோலம், டயசெபம், நைட்ரசெபம் எல்லாம் இருக்கின்றன. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். குளோனசெபம் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அதற்குச் சீட்டு வேண்டும், தனிப் பதிவேடு தேவையில்லை. இவற்றை விற்கும் கடைகளில் கேமரா பொருத்தச் சொல்லிப் பல மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவு போட்டிருக்கிறார்கள். தேசிய அளவிலான கணக்கும் இருக்கிறது: எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, மருத்துவக் காரணமின்றித் தூக்க, மயக்க மாத்திரை பயன்படுத்துவோர் சுமார் 1.18 கோடி. சீட்டோடு தொடங்கிச் சீட்டில்லாமல் தொடர்பவர் அந்தக் கணக்கில் உள்ளே வருவாரா, வெளியே நிற்பாரா என்பது கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் நம் கொள்கையில் ஆபத்தான ஓட்டை இருக்கிறது. கடையில் கெடுபிடி செய்தால் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறோம். மாதக்கணக்காக மாத்திரை போட்டவருக்கு ஒரு நாள் திடீரென்று 'கிடையாது' என்றால் என்ன ஆகும்? பழைய படபடப்பு இரட்டிப்பாகத் திரும்பும். தூக்கம் அறவே போகும். கை நடுங்கும். சிலருக்கு வலிப்பு வரும். அது உயிருக்கே ஆபத்து. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-இல் இந்த வகை மாத்திரைகள் அனைத்துக்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியபோது, திடீரென நிறுத்துவதையும் சேர்த்தே எச்சரித்தது. இதைப் படித்துவிட்டு, மாத்திரை போட்டுவரும் யாரும் இன்றிரவே அட்டையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

ஆக, பட்டாசுத் தொழிலாளியை இரண்டு பக்கமும் ஆபத்து சூழ்ந்திருக்கிறது. மாத்திரை போட்டால் மந்தம், சட்டென்று விட்டால் நடுக்கம். வெடிமருந்து அறைக்குள் இரண்டுமே கூடாதவை. இதுவரை நடந்த விபத்துகள் எதற்கும் மாத்திரை காரணம் என்று நான் சொல்லவில்லை. அளவுக்கு மீறிய வெடிமருந்து, கூட்டமாக அடைக்கப்பட்ட ஆட்கள், உள்குத்தகை, உராய்வு என்று விசாரணைகள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் தொழிலாளியின் மாத்திரையைக் காட்டிப் பழியைத் திருப்பிவிட யாராவது முயன்றால், அதை முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் நாம். ஆலை வாசலில் சிறுநீர்ப் பரிசோதனை வைப்பது போன்ற யோசனைகளும் வேண்டாம். வேலை போய்விடும் என்று தெரிந்தால் மாத்திரை ஒளியும். ஒளித்துவைத்து விழுங்கும் மாத்திரைதான் மிக மோசமானது. மாத்திரை சாப்பிடுவதாகப் போர்மேனிடம் சொன்னவரை, கூலி குறையாமல், வெடிமருந்து புழங்காத வேலைக்கு மாற்றுவதே விதியாக வேண்டும். காகிதக் குழாய் உருட்டவும் லேபிள் ஒட்டவும் பெட்டி கட்டவும் எந்த ஆலையிலும் ஆள் தேவைதான்.

மாத்திரையை விடவைக்கும் வழி மருத்துவத்துக்குத் தெரியாத ஒன்றல்ல. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹீதர் ஆஷ்டன் என்ற மருத்துவர் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை நடத்தினார். அவர் கைக்கொண்ட முறை எளிமையானது: மிக மெதுவாக, நோயாளியின் வேகத்தில் குறைப்பது. 2025-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு என்ற அளவில் தொடங்கச் சொல்கிறது. விலை உயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். வேண்டியது மாதக்கணக்கில் அதே நோயாளியை அதே முகம் சந்திப்பது. நம் அமைப்பில் இல்லாதது அதுதான்.

அதற்கான கட்டடங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஏற்கெனவே எழுந்துவிட்டன. 2022 ஜனவரி 12 அன்று விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சிவகாசியில் ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களையும் தமிழக அரசு தொடங்கியது, நல்ல முயற்சி. ஆனால் நான் சொல்லும் பெண் 'போதை மீட்பு' என்று பலகை மாட்டிய கதவுக்குள் நுழைய மாட்டார். தன்னை அவர் போதைக்காரியாக நினைக்கவில்லை, நினைக்க வேண்டியதும் இல்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கும் அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதே வரிசையில் நின்று இதற்கும் ஆலோசனை பெற முடிய வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களிடம் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கொடுக்கலாம்: 'தூக்கத்துக்கு மாத்திரை போடுறீங்களா, எவ்வளவு நாளா?' சீட்டை எழுதும்போதே அதில் நிறுத்தும் தேதியையும் தமிழில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கல்லூரி தன் மாணவர்களைப் பழக்கலாம்.

காலமும் தொழிலே தருகிறது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். பூஜை போட்டுத் திறந்த பின்னும் ஓட்டம் மெதுவாகத்தான் தொடங்கும். தூக்கம் கெட்டாலும், கை கொஞ்சம் நடுங்கினாலும் யாருக்கும் ஆபத்து நேராத நாட்கள் அவை. முதல் குறைப்பை அந்த வாரங்களில் தொடங்கி, வேலை சூடுபிடிக்கும் கோடைக்குள் பாதி வழி வந்துவிடலாம். அதற்கு ஈஎஸ்ஐ மருத்துவமனையிலும் சாத்தூர், வெம்பக்கோட்டை அரசு மருத்துவ நிலையங்களிலும் நவம்பர் முதல் மார்ச் வரை வாரம் ஒரு நாள், அதே மனநல மருத்துவரும் அதே ஆலோசகரும் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ஆண்டே தொடங்கலாம்.