மூன்றாவது பாலம்

ராத்திரி பதினோரு மணி. வீட்டில் எல்லாரும் தூங்கியாச்சு. நான் மட்டும் கராஜில் உட்கார்ந்து, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் கட்டிய பாலத்தில் ஒரு மூட்டுக்கு மறுபடி பசை போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாமல்.

அது என்ன பாலம்னு முதல்ல சொல்லிடறேன். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு சயின்ஸ் ஒலிம்பியாட் தெரிந்திருக்கும். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு அதில் 'பி' பிரிவு. ஒரு அணியில் அதிகபட்சம் 15 பேர். எழுதும் போட்டிகளும் உண்டு, கையால் செய்து எடுத்துப்போகும் போட்டிகளும் உண்டு. கட்டுமானப் போட்டி சில வருஷம் கோபுரம், சில வருஷம் பாலம் என்று மாறும். எங்களுக்குப் பாலம் வந்தது. லேசான பால்சா மரக்குச்சிகளைப் பசையால் ஒட்டிக் கட்டணும். அதில் வாளியைத் தொங்கவிட்டு, 15 கிலோ வரை மணல் கொட்டுவார்கள். தாங்கிய எடையைப் பாலத்தின் எடையால் வகுத்துப் பார்ப்பார்கள். அதனால் பாலம் பலமாக இருந்தால் மட்டும் போதாது, லேசாகவும் இருக்கணும்.

அவளுடைய முதல் பாலம் 20 கிராம். நாலு கிலோவில் 'டக்'. இரண்டாவது 18 கிராம். ஆறு கிலோ தாங்கியது. மூன்றாவதில் ஒரு மூட்டில் சின்ன இடைவெளி இருந்தது. போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான். என் கை சும்மா இருக்கவில்லை.

காலையில் கண்டுபிடித்துவிட்டாள். அவள் நோட்டில் 16.2 கிராம் என்று எழுதியிருந்தாள்; தராசு 16.5 காட்டியது.

"அப்பா, இதை யார் தொட்டது?"

"ஒரு இடத்துல சரியா ஒட்டலம்மா, அதான்..."

"அப்போ இது என்னோடது இல்ல."

அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னதுதான் சரி. மாணவர்களே கட்டியிருக்க வேண்டும், எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்பது விதி.

எனக்கு என் ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது. சயின்ஸ் ஃபேருக்கு எரிமலை. செய்தது முழுக்க எங்கப்பா. பரிசும் கிடைத்தது. ஆனால் நடுவர் "ஏன் நுரைக்குது?" என்று கேட்டபோது நான் திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தேன். அந்தப் பரிசை என் அறையில் வைக்கவே இல்லை. அப்பாவைக் குறை சொல்லவில்லை. புது ஊரில் பிள்ளை தோற்றுவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு என்ன பயம்?

நாலாவது பாலத்தை நாலு சாயங்காலத்தில் கட்டினாள். நான் டீ கோப்பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஒவ்வொரு குச்சியையும் நிறுத்தாள். ஒரே அளவுக் குச்சிகளில் ஒன்று இன்னொன்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம்! வேகவைக்காத ஸ்பகெட்டியை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பார்த்தாள். நீளமானது உடனே வளைந்தது. பாதியாக ஒடித்தது விறைப்பாக நின்றது. நீளம் பாதியானால் வளையாமல் தாங்கும் திறன் நாலு மடங்கு. அந்தச் சூத்திரத்தை நான் காலேஜில் மனப்பாடம் செய்தேன். அவள் விரலால் தெரிந்துகொண்டாள்.

போட்டியில் 15 கிராம் பாலம் ஒன்பது கிலோ தாங்கியது. பதக்கம் இல்லை. திரும்பி வரும்போது காரில் அவளே ஆரம்பித்தாள்: "மேல் குச்சி பக்கவாட்டுல வளைஞ்சுதுப்பா. நான் மேலயும் கீழயும்தான் பார்த்தேன், பக்கவாட்டை யோசிக்கவே இல்ல." வீடு வரும்வரை பேச்சு நிற்கவில்லை.

உங்கள் பள்ளியில் இப்படி அணி இல்லையா? கவலை வேண்டாம். ஸ்பகெட்டி, பசை, சமையலறைத் தராசு, ஒரு வாளி, மணல் போதும். மணல் இல்லாவிட்டால் அரிசி. இரண்டு நாற்காலிக்கு நடுவே பாலத்தை வையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உடையும்போது துண்டு தெறிக்கும். ஒவ்வொரு தடவையும் பாலத்தின் எடை, தாங்கிய எடை, உடைந்த இடம் மூன்றையும் நோட்டில் எழுதட்டும். அடுத்த பாலத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றட்டும். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. என் வேலையில் பிழை தேடுவதும் இப்படித்தான்.

உங்களுக்கு மூன்று கேள்விகள் மட்டும் போதும். எங்கே உடைஞ்சுது? ஏன்னு நினைக்கிற? அடுத்ததுல என்ன மாத்தப் போற? கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கஷ்டம்தான், நான் சொல்கிறேன். அந்த மூன்றாவது பாலம் இன்னும் எங்கள் கராஜ் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் மணல் கொட்டிப் பார்க்க அவளுக்கு இன்றுவரை ஆசை வரவில்லை.