முகம் துடைக்கும் எண்ணெய்: தமிழ்ப்பள்ளியில் ஒரு பாடமாகட்டுமே!



நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு, முகம் துடைக்கும் எண்ணெய் ஒன்றைத் தம் கையாலேயே செய்யக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. "பள்ளிக்கூடத்தில் அழகுக்கலையா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் கேட்பது அழகுக்கலை அன்று. அறிவியலும் உடல்நலமும் தன்மதிப்பும் ஒரே வகுப்பில் கூடிவரும் வாய்ப்பு இது. அதற்கான காரணங்களைக் கீழே வரிசையாக வைக்கிறேன்.

பிள்ளைகளின் கைக்கு எட்டுவது எது?

பதினொரு வயதிலேயே நம் பெண்பிள்ளைகள் முகப்பசை பூசத் தொடங்கிவிடுகிறார்கள். ஆண்பிள்ளைகளும் விலக்கல்லர். இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் சிறு டப்பிகள், கைப்பேசி வழியே விற்கப்படும் பசைகள் ஆகியவை, மருந்தகத்தின் பக்கமே போகாத வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டன. "ஏழே நாளில் வெண்மை" என்பதே அவற்றின் பொதுவான வாக்குறுதி.

அந்த வாக்குறுதி எப்படி நிறைவேறுகிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. பாதரசச் சேர்மங்கள் அந்நிறமி உருவாவதைத் தடுக்கின்றன. நிறம் சற்றே வெளுப்பது உண்மைதான். ஆனால் அதே பாதரசம் தோல் வழியே உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. நரம்பு மண்டலத்தையும் கெடுக்கிறது. பூசியவரோடு அது நின்றுவிடுவதும் இல்லை. 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் நடந்த ஆய்வில், பசையைப் பூசாத குடும்பத்தினரின் உடலிலும் மிகுதியான பாதரசம் காணப்பட்டது. துண்டு, தலையணை உறை, தொடுகை வழியாக அது வீட்டில் பரவுகிறது. தாய் பூசினால் மடியில் இருக்கும் குழந்தைக்கும் அது சேரும்.

நம் நாட்டில் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை முகமை, நஞ்சு கலந்த ஒப்பனைப் பொருள்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. அப்பட்டியல்களில் அடிக்கடி வருபவை பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் ஆகிய நான்கு. கடைசி மூன்றும் மருத்துவர் மேற்பார்வையில் மருந்தாகப் பயன்படக்கூடியவை. அழகுப் பசையில் அவற்றுக்கு இடமில்லை. 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் மிகுந்த ஒப்பனைப் பொருள்களை 2020க்குள் ஒழிக்க வேண்டும் என்றது. 2023இல் அது மேலும் இறுக்கப்பட்டு, பாதரசம் சேர்த்த எந்த ஒப்பனைப் பொருளும் 2025க்குப் பின் கூடாது என முடிவாயிற்று. உலகமே கைவிட முடிவு செய்த பொருள் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பது எவ்வளவு பெரிய கேடு!

நிறம் பற்றிய நோய்

இதில் வணிகர் மட்டும் குற்றவாளி அல்லர். இந்தியாவில் 1975இல் அறிமுகமான "ஃபேர் அண்ட் லவ்லி" பசை, நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 2020இல்தான் "குளோ அண்ட் லவ்லி" எனப் பெயர் மாறியது. பெயர் மாறியதே ஒழிய, வெள்ளைத்தோல் ஆசை நம் வீடுகளில் மாறியதா? சென்னையில் 2009இல் "கருமையும் அழகே" என்னும் கருத்தை முன்வைத்து ஓர் இயக்கம் எழுந்தது. அவ்வாறோர் இயக்கம் தேவைப்பட்டதே நம் நிலையைக் காட்டவில்லையா?

நம் பள்ளிகளையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். சிறப்பு விருந்தினருக்கு மாலை அணிவிக்க யாரைத் தேர்ந்தெடுக்கிறோம்? நடனத்தின் முன்வரிசையில் யாரை நிறுத்துகிறோம்? "கருப்பி" என்று ஒரு மாணவியை மற்றவர்கள் கேலி செய்யும்போது எத்தனை முறை காதில் விழாததுபோல் கடந்து போகிறோம்? வெயிலில் உழைத்த முன்னோர்கள் வழியில் வந்த பிள்ளைக்கு அவள் தோலே குறை என்று நாமே கற்பித்துவிட்டு, பிறகு அவள் இரவுச் சந்தையில் பசை வாங்குகிறாள் என்று வருந்துவதில் பொருளில்லை.

ஆகவேதான் செய்முறை வகுப்பை வேண்டுகிறேன். "பூசாதே" என்று சொல்வதால் மட்டும் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். முகத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ள விரும்பும் வயதில் அவர்களுக்கு ஒரு நல்வழியைக் காட்ட வேண்டும். நான் சொல்லும் எண்ணெய் யாரையும் வெள்ளையாக்காது. அழுக்கை மட்டும் எடுக்கும். தூய்மை வேறு, வெண்மை வேறு என்பதைப் பிள்ளை தன் கையாலேயே உணர்வதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

எண்ணெய் எப்படி அழுக்கை எடுக்கும்?

"எண்ணெய் வழியும் முகத்துக்கு மேலும் எண்ணெயா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். விடை நம் அடுப்படியிலேயே இருக்கிறது. பலாப்பழம் உரிக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். ஒட்டிய பலாப்பால் தண்ணீருக்குப் போகாது; எண்ணெய்க்குப் போகும். ஒத்த இயல்புடைய பொருளே ஒத்ததைக் கரைக்கும் என்பது வேதியியலின் அடிப்படை. நம் தோல் சுரக்கும் நெய்ப்பொருள், முகப்பூச்சு, கண்மை, வெயில்காப்புப் பசை ஆகிய எல்லாம் எண்ணெய் இயல்புடையவை. எனவே எண்ணெய் அவற்றை இளக்கி எடுக்கிறது.

சவர்க்காரக் கட்டியும் எடுக்கும்தான். ஆனால் தோலின் இயற்கை நிலை சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. வழக்கமான சவர்க்காரத்தின் அளவு 9 முதல் 10 வரை. நாள்தோறும் பலமுறை அதைத் தேய்த்தால் சில பிள்ளைகளின் தோல் வறண்டு வெடிப்பது அதனால்தான்.

இளகிய எண்ணெயை எப்படி அகற்றுவது? இங்கேதான் நம் முன்னோரின் அறிவைப் போற்ற வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் முதலில் நல்லெண்ணெய், அதன்பின் சீயக்காய். சீயக்காயில் சப்போனின் என்னும் நுரைப்பொருள் உள்ளது. அதன் ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறுமுனை நீரைப் பற்றும். இன்று சப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் "இரட்டைத் தூய்மை" என்ற பெயரில் விலை உயர்ந்த குப்பிகளில் வருவதும் இதே இரண்டு படிகள்தாம். முதலில் எண்ணெய், அடுத்து நுரை. நம் பாட்டிமார் வாரந்தோறும் கோத்தடியில் செய்ததை நாம் பழம்பழக்கம் என்று ஒதுக்கினோம். அதே முறை வெளிநாட்டுப் பெயரோடு வந்தபோது வியக்கிறோம்.

செய்முறை

தேவையானவை: சமையல் நல்லெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் 40 மில்லிலிட்டர், ஆமணக்கெண்ணெய் 10 மில்லிலிட்டர், கழுவி நன்கு உலர்த்திய சிறு கண்ணாடிக் குப்பி, மென்மையான பருத்தித் துணி.

1. இரண்டு எண்ணெய்களையும் குப்பியில் ஊற்றி, மூடிக் குலுக்கவும். காய்ச்ச வேண்டியதில்லை.
2. செய்த நாளையும் சேர்த்த பொருள்களையும் எழுதிக் குப்பியில் ஒட்டவும்.
3. முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு துளி தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கவும். அரிப்போ சிவப்போ தோன்றினால் பயன்படுத்தக் கூடாது.
4. உலர்ந்த முகத்தில் அரைத் தேக்கரண்டி எண்ணெயை ஒரு நிமிடம் மெதுவாகத் தேய்க்கவும். கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளவும்.
5. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கவும். பிறகு சிறிது பயற்றம் மாவையோ மென்மையான முகச்சோப்பையோ கொண்டு கழுவவும்.

ஒரு மாதத்திற்குள் பயன்படுத்தி முடிக்கும் அளவே செய்தால் போதும். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

வகுப்பில் இதனுடன் ஒரு சிறு சோதனையும் செய்யலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் நீரும் எண்ணெயும் ஊற்றிக் கலக்குங்கள். சிறிது நேரத்தில் பிரிந்து நிற்கும். அதில் சில துளி பாத்திரம் கழுவும் நீர்மத்தைவிட்டு மீண்டும் கலக்குங்கள், பால்போல் வெண்மையாகும். அதுவே பால்மம். கடையில் விற்கும் முகம் துடைக்கும் எண்ணெய், நீர் பட்டதும் பாலாக மாறுவதன் மறைபொருளும் இதுதான்.

"இயற்கை" என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம்

இயற்கையானது எல்லாம் நல்லது என்று கற்பிப்பது அறிவியலுக்குச் செய்யும் பிழை. பாதரசமும் இயற்கையில் கிடைப்பதுதான்! ஆகையால் சில எச்சரிக்கைகளையும் பாடத்தில் சேர்க்க வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவக் கூடாது. அது கடும் அமிலம். தடவியபின் வெயில் பட்டால் தோல் புண்ணாகிக் கருந்தழும்பு உண்டாகலாம். சமையல் சோடாவும் வேண்டாம். எண்ணெய்க் குப்பியில் நீர், பன்னீர், கற்றாழைச் சாறு போன்றவற்றைக் கலக்க வேண்டாம். பதப்பொருள் இல்லாத நீரில் கிருமிகள் வளரும். முகப்பரு மிகுந்த பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் ஒவ்வாமற் போகலாம், துளைகளை அடைக்கக்கூடியது. எள்ளோ கடலையோ ஒவ்வாத பிள்ளைகள் உள்ளனரா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

சொல்லிலும் கவனம் தேவை. "விளக்கெண்ணெய்" என்று நாம் வழங்குவது ஆமணக்கெண்ணெய். ஒருகாலத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்டதால் வந்த பெயர் அது. ஆனால் இன்று கடையில் சாமி விளக்குக்கென விற்கும் எண்ணெய் வேறு. அது முகத்துக்கோ வாய்க்கோ உரியதன்று. அவ்வாறே சீனர் கடையில் கிடைக்கும் வறுத்த எள்ளின் கருநிற எண்ணெயும் நம் செக்கு நல்லெண்ணெயும் ஒன்றல்ல. பெயரை மட்டும் பார்த்து வாங்கியனுப்பும் பெற்றோருக்கு இதை எழுதியே அனுப்ப வேண்டும்.

இன்னுமொன்று. செய்த எண்ணெயைப் பள்ளி விழாவில் விற்க ஆசைப்படக் கூடாது. ஒப்பனைப் பொருளை விற்பதற்கு முன் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை முகமைக்கு முறையாக அறிவித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அறிவிக்கப்பட்ட பொருளின் உறையில் "நோட்" என்னும் மூன்று ரோமன் எழுத்துகளில் தொடங்கும் எண் இருக்கும். அந்த எண்ணைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுவது இந்தப் பாடத்தின் இன்னொரு பயன். எனினும் அந்த எண் இருப்பதாலேயே பொருளை அரசு சோதித்து உறுதிகூறிவிட்டது என்று பொருளாகாது. எண்ணே இல்லாத பொருளை வாங்கவே கூடாது என்பதில் ஐயமில்லை.

நம் தோட்டத்து எண்ணெய்

லாபு, லிங்கி, பகாவ், கெமாஸ் என எங்குச் சென்றாலும், ஒருகாலத்தில் பால்மரம் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து ஓர் எண்ணெயும், கொட்டைப் பருப்பிலிருந்து வேறோர் எண்ணெயும் கிடைக்கின்றன. உலகெங்கும் சவர்க்காரமும் தலைச்சோப்பும் முகச்சோப்பும் செய்ய இவ்விரண்டும் பயன்படுகின்றன. சவர்க்கார உறையில் "சோடியம் பாமேட்" என்று எழுதியிருந்தால், அது செம்பனை எண்ணெயில் செய்ததென்று பொருள். குலை வெட்டியவரின் பேரப்பிள்ளை, அதே எண்ணெயைப் பன்மடங்கு விலை கொடுத்து அழகிய குப்பியில் திரும்ப வாங்குகிறாள். அது எதிலிருந்து வந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. உறையைப் படிக்கக் கற்ற பிள்ளைக்குத் தன் ஊரின் பொருளியலும் விளங்கத் தொடங்கும்.

நேரம் எங்கே?

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை" என்பது ஆசிரியர்களின் நியாயமான குறை. ஆனால் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகு, தேர்வைக் காட்டிச் செய்முறையைத் தள்ளிப்போட முன்போல் இடமில்லை. அறிவியல், நலக்கல்வி, தமிழ்மொழி ஆகிய மூன்று பாடங்களுக்கும் இது பொருந்தும். செய்முறையை வரிசையாக எழுதுவது நல்லதொரு கட்டுரைப் பயிற்சியும் ஆகும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டிமாரை அழைத்து, எண்ணெய்க் குளியலைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அறிவியல் ஆசிரியர் அதன் காரணத்தை விளக்கட்டும். பெற்றோர் தம் வீட்டிலுள்ள பசை டப்பிகளைக் கொண்டுவந்து அறிவிப்பு எண்ணைச் சரிபார்க்கட்டும். எண் இல்லாதவற்றை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம்.

ஐம்பது மில்லிலிட்டர் எண்ணெய்க்கு ஆகும் செலவு சில வெள்ளிதான். ஒரு பிள்ளையின் சிறுநீரகத்துக்கும் அவள் தன்மானத்துக்கும் விலை சொல்ல நம்மால் முடியுமா? ஆசிரியர்களே, பெற்றோர்களே, சிந்திப்போம். அடுத்த தவணையிலேயே தொடங்குவோம்.