குளிசையை நிறுத்துவதா விசுவாசம்?

“பாதர், இந்தக் குளிசையைச் சாகும்வரை போடவேணுமாம். அப்படியென்றால் நான் செய்கிற செபத்துக்கு என்ன அர்த்தம்?” தைரொய்ட் சுரப்பியில் நோய் இருப்பதாகப் புதிதாக அறிந்துகொண்ட தாய்மார், சொற்கள் வேறுபட்டாலும், இதையேதான் நம்மிடம் கேட்கின்றனர். கேள்வி நேர்மையானது. “ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடுவது நேர்மையான பதிலாகாது.

முதலில் நோயை அறிந்துகொள்வோம். தொண்டையின் முன்புறத்தில், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப்போல் ஒரு சுரப்பி உண்டு. அது சுரக்கும் ஓமோன்தான் உடல் எவ்வளவு வேகமாக இயங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இருதயத் துடிப்பு, சமிபாடு, மாதவிடாய், மனநிலை எல்லாமே அதற்குக் கட்டுப்பட்டவை. கிருமிகளை எதிர்க்கவேண்டிய நமது உடலின் காவல் சிலரில் இச்சுரப்பியையே அந்நியமாக எண்ணித் தாக்கத் தொடங்குகிறது. வாசலில் கட்டிய காவல்நாய் வீட்டுக் கன்றையே கடிப்பது போன்றது இது. 1912 இல் ஹக்கரு ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானிய வைத்தியர் இதனை விவரித்தமையால் நோய்க்கு அவருடைய பெயரே வழங்குகிறது. சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் நோயாளியின் இரத்தத்திலேயே இருப்பதை 1956 இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆண்களைவிடப் பெண்களையே இந்நோய் பல மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது. பரம்பரையாகவும் வரலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மாதங்களில் வெளிப்படுவதும் உண்டு.

ஆகவே இது செய்வினையல்ல. தாய் செய்த பாவத்தின் தண்டனையுமல்ல. பிறவிக் குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று கேட்ட சீடருக்கு இயேசு என்ன பதில் சொன்னார் என்பதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசித்துக்கொள்ளலாம்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் 1995 இல் அயடீன் சேர்த்த உப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதற்குமுன், குறிப்பாகத் தென்மேற்கு ஈரவலயத்தில், கண்டக்கழலை பரவலாக இருந்தது. “அயடீன் உப்புத்தான் இந்த வருத்தத்தைக் கொண்டுவந்தது” என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அயடீன் அளவுக்கு மிஞ்சினால் சிலரில் இந்நோய் தூண்டப்படலாம் என்பதை வைத்தியர்கள் மறுப்பதில்லை. ஆனால் அதற்காகப் பைக்கற்று உப்பை எறிந்துவிட்டு உப்பளத்து உப்பை மட்டும் கறிக்குப் போடும் வீட்டில், கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பணயம் வைக்கப்படுகிறது. மரவள்ளிக்கிழங்கும் கோவாவும் கூடாது என்பதும் இத்தகைய பேச்சே. நன்றாக அவித்து, அயடீன் உப்புடன் அளவாக உண்டால் அஞ்சவேண்டியதில்லை. மரவள்ளியை நம்பியே பல மாதங்களைக் கடத்திய குடும்பங்களிடம் அதையும் தட்டிப் பறிக்க நாம் விரும்பவில்லை.

இந்நோயின் அறிகுறிகளை எடுத்துப் பார்த்தால், இடம்பெயர்ந்த ஒரு தாயின் அன்றாட நிலைமையை எழுதிவைத்தது போலவே இருக்கும். காலையில் எழும்பும்போதே களைப்பு. தலைமயிர் உதிர்தல். தோல் வறட்சி. மலச்சிக்கல். நினைவு தப்புதல். காரணமில்லாத அழுகை. மாதவிடாய் அதிகமாகப் போதல். பாயில் படுத்தால் எழும்ப மனமில்லாமை. 2004 டிசம்பரில் கடலுக்கும், 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கத்து யுத்தத்துக்கும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்கும் வீட்டையும் வயலையும் விட்டு ஓடியவர்களிடம் இவற்றில் எது இல்லை? “கவலைதான் காரணம்” என்று அயலவர் சொல்வர்; தாயும் அதையே நம்புவாள். கவலையும் இருக்கலாம், நோயும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஓர் இரத்தப் பரிசோதனை போதும். ரீ.எஸ்.எச். என்று கேட்டால் வைத்தியசாலையில் விளங்கிக்கொள்வார்கள்.

இன்னுமொன்று. அரைவயிறு உண்பவளுக்கும் இந்நோயில் உடம்பு ஊதும். “நிவாரணத்தில் இருந்துகொண்டு உடம்பு வைக்கிறாள்” என்ற பேச்சைக் கேட்டுக் கூனிக்குறுகிய பெண்கள் உண்டு. மாமிமாரும் மச்சாள்மாரும் இதைச் சற்றே சிந்திப்பது நல்லது.

இனி அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு வருவோம். செபத்தால் சுகம் கிடைக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. மறுத்தால் நற்செய்தியின் பாதிப் பக்கங்களைக் கிழிக்கவேண்டிவரும். நாம் எதிர்ப்பது, சுகமளிக்கும் கூட்டத்தில் கைவைத்துச் செபித்த மறுநாளே குளிசைப் போத்தலை எறியும் பழக்கத்தை. இதில் உள்ள ஆபத்தை விளங்கிக்கொள்ள விஞ்ஞானம் சற்றுத் தேவை. தைரொக்சின் குளிசை பனடோலைப் போன்றதல்ல. பனடோலின் வேலை சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். தைரொக்சினோ உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாட்கள் எடுக்கும். ஆகவே குளிசையை நிறுத்தியவளுக்கு முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வாரத்திலும் பெரும்பாலும் தெரியாது. அந்த நாட்களில்தான் அவளை மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்ல வைக்கிறார்கள். அவளும் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறாள். ஒன்றிரண்டு மாதங்களில் கால் கனத்து, குரல் தடித்து, அடுப்படியில் இருந்து எழும்ப முடியாமல் போகும்போது அவளைச் சுற்றி மேடையும் இருக்காது, ஒலிபெருக்கியும் இருக்காது. “உன் விசுவாசம் போதாது” என்ற தீர்ப்பு மட்டும் மிஞ்சும். நோயைச் சுமப்பவள்மீது இந்தக் குற்றவுணர்வையும் ஏற்றுவதைக் கிறிஸ்துவின் பெயரால் செய்யக்கூடாது என்பது நமது உறுதியான கருத்து.

திருச்சபையும் இதில் தெளிவாகவே பேசியுள்ளது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2000 செப்டெம்பர் 14 இல் சுகமளிக்கும் செபங்கள் பற்றி வெளியிட்ட அறிவுறுத்தல், செபிப்பது மருத்துவத்தை விலக்குவதில்லை, மாறாக அதனைப் பயன்படுத்தத் தூண்டுகிறது என்றே சொல்கிறது. சீராக்கின் ஞானம் 38 ஆம் அதிகாரம் வைத்தியரை மதிக்கச் சொல்கிறது. நிலத்திலிருந்து மருந்தைத் தருபவர் ஆண்டவரே என்கிறது. நோயுற்றவன் செபிக்கவும் வேண்டும், வைத்தியருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என ஒரே மூச்சில் கூறுகிறது. மழைக்காகச் செபிக்கும் கமக்காரன் வரம்பு கட்டாமல் இருப்பானா? அவன் வரம்பு கட்டுவதைப் பார்த்து, செபத்தில் நம்பிக்கையில்லாதவன் என்று யாராவது சொல்வார்களா?

இந்த மருந்தின் கதையையும் நம் மக்கள் அறிந்திருக்கவேண்டும். 1891 இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மரே என்ற வைத்தியர், சுரப்பி செயலற்றுப்போன 46 வயதுப் பெண்ணொருத்திக்கு ஆட்டின் தைரொய்ட் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிமூலம் ஏற்றினார். அதுவரை இந்நோயின் கடும் நிலைக்குப் பரிகாரம் இருக்கவில்லை. அந்தப் பெண் தொடர்ந்து மருந்தெடுத்து மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தாள். பின்னர் அமெரிக்காவில் எட்வேட் கென்டல் தைரொக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அது நடந்தது 1914 இன் கிறிஸ்மஸ் நாளில். இன்று அதே பொருள் ஒரு சின்ன வெள்ளைக் குளிசையாக அரசாங்கக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது.

தாய்மைப்பேறு அடைந்தவர்கள் அடுத்த பகுதியை இருமுறை வாசிக்கவேண்டும். “வயிற்றில் பிள்ளை, இனி மருந்து வேண்டாம்” என்று குளிசையை நிறுத்துவது பெருந்தவறு. கருவின் முதல் மூன்று மாதங்களில் பிள்ளையின் சுரப்பி தொழிற்படுவதில்லை. அதன் மூளை தாயின் ஓமோனையே நம்பியிருக்கிறது. மாதவிடாய் தவறியவுடன் மருத்துவமாதுவிடம் சொல்லி வைத்தியரைக் காணவேண்டும். குளிசையின் அளவைக் கால்வாசியோ அதற்குச் சற்று மேலாகவோ பெரும்பாலும் கூட்டுவார்கள். சில வாரங்களுக்கொருமுறை இரத்தம் பார்ப்பார்கள். பால் கொடுக்கும்போதும் தொடரலாம், பிள்ளைக்குத் தீங்கில்லை. குழந்தை பிறந்தபின் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுப்பதும் இந்தச் சுரப்பியைப் பார்க்கத்தான். பச்சைப்பிள்ளையைக் குத்துகிறார்களே என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட வேண்டாம்.

இனி ஒரு சிறு விடயம். ஆனால் பலருக்கு மருந்து வேலை செய்யாமற்போக அதுவே காரணம். கர்ப்பிணித் தாய்க்குக் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும் திரிபோசாவும் கொடுக்கிறார்கள். எல்லாம் நல்லவை. ஆனால் இவற்றோடு தைரொக்சினைச் சேர்த்து விழுங்கினால் அது வயிற்றில் உறிஞ்சப்படாது. திரிபோசாவில் உள்ள சோயாவும் தடுக்கும். காலையில் எழும்பியதும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு தைரொக்சின். அரை மணியோ ஒரு மணியோ கழித்துத்தான் பிளேன்ரீ. இரும்பையும் கல்சியத்தையும் நாலு மணித்தியாலம் தள்ளி, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். குளிசையைத் தகரக் கூரைக்குக் கீழே தொங்கும் பையில் வைக்கவேண்டாம். வெயிலும் ஈரமும் படாத இடம் வேண்டும். இடம்பெயரும்போது அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் ஒரே பொலித்தீன் பையில் சுற்றிக்கொள்ளுங்கள். கொப்பி தொலைந்தால் அளவு தெரியாமல் எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

காலைத் திருப்பலிக்கு வரும் சிலர் நற்கருணை வாங்குவதற்காகக் குளிசையைத் தள்ளிப்போடுவதை அறிகிறோம். அவசியமில்லை. தண்ணீரும் மருந்தும் நற்கருணை நோன்பை முறிப்பதில்லை என்று 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 919 ஆம் இலக்கத்தில் தெளிவாக உள்ளது. தவக்காலத்து ஒருசந்தியும் நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பால் கொடுப்போரையும் கட்டுப்படுத்தாது. குறிஞ்சாக்கேணி, கிண்ணியாப் பக்கத்தில் நம்மோடு ஒரே கிளினிக் வாங்கில் காத்திருக்கும் முஸ்லிம் சகோதரிகளுக்கும் ரமழானில் இதே சிக்கல் வருகிறது. இரவு சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழிந்தபின் படுக்கப்போகும் நேரத்தில் போடுவதும் பயன் தரும். எது பொருந்தும் என்பதை வைத்தியரிடம் கேட்டு முடிவுசெய்வது நல்லது.

தாய்மார் தங்களைக் கவனியாமல் விடுவதற்கு நமது பிரசங்கங்களும் ஒரு துணையாகிவிடக்கூடாது. இத்தாலிய வைத்தியரும் தாயுமான ஜியன்னா மொல்லா தன் பிள்ளையைக் காக்க உயிரையே கொடுத்து 1962 ஏப்ரல் 28 இல் இறந்தார். 2004 மே 16 இல் புனிதையானார். அவரைக் காட்டி, நல்ல தாய் என்றால் மருந்தில்லாமல் மாளவேண்டும் என்று பேசுவோர் உளர். ஜியன்னாவோ மருந்தை வெறுத்தவர் அல்லர், பிறருக்கு மருந்து எழுதிக்கொடுத்தவர், சத்திரசிகிச்சைக்கும் உட்பட்டவர். தைரொய்ட் நோயிலோ பிள்ளையா தாயா என்ற கேள்வியே எழுவதில்லை. தாய் குளிசை எடுத்தால்தான் பிள்ளைக்கும் நல்லது. நமக்கு இவ்விடத்தில் எலியாதான் நினைவுக்கு வருகிறார். துரத்தப்பட்டு, களைத்து, சாவை வேண்டிப் பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் படுத்தவருக்கு வானதூதர் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். ஓரேபு மலைக்குப் போனதெல்லாம் அதன் பிறகுதான்.

கணவன்மாருக்கு நாம் சொல்வது சுருக்கம். மனைவி சோம்பேறியல்ல. குளிசை தொடங்கினாலும் உடல் தேறச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை தண்ணீர் அள்ளுவதும் பிள்ளையைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்துவதும் ஆண்பிள்ளைக்கு இழுக்கல்ல.

எல்லாம் சொன்னாலும் வழி வேண்டுமே. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது நமக்கெல்லாம் பெரிய ஆறுதல். ஆனால் குறிஞ்சாக்கேணிக் களப்பைக் கடக்க மக்கள் நம்பியிருந்த மிதவைப் பாதை 2021 நவம்பர் 23 காலையில் கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். அந்தத் தண்ணீரைத் தாண்டிக் கிளினிக்குப் போக ஒரு தாய் தயங்கினால், அவளைக் கவலையீனம் பிடித்தவள் என்று யார் சொல்வது? நிரந்தரக் கொட்டில்கூட இல்லாத குடும்பத்துக்குப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் சேர்ந்தால் பெரிய தொகை. ரீ.எஸ்.எச். பரிசோதனை சிறிய வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் இல்லை. வெளியில் செய்தால் காசு. 2022 இல் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்டபோது ஏழைகளின் கிளினிக்தான் முதலில் நின்றது. மருந்து இலவசம் என்பதோடு அரசின் கடமை முடிவதில்லை என்பதைப் பிரதேச செயலகத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவிக்கவேண்டியது கிராம அபிவிருத்திச் சங்கங்களின் பொறுப்பு. பெயர்களைச் சேர்த்து ஒரே கடிதமாக, கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லோரும் கையொப்பமிட்டுக் கொடுத்தால் பலன் அதிகம்.

அதுவரை பங்கு மட்டத்தில் செய்யக்கூடியது உண்டு. மரியாயின் சேனைச் சகோதரிகள் வாராவாரம் வீடு சந்திக்கிறார்கள். அந்தச் சந்திப்பில் செபமாலை சொல்லி முடிந்ததும் கிளினிக் கொப்பியையும் எடுத்துப் பார்த்து, அடுத்த திகதி என்ன, குளிசை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று கேட்கட்டும். கிளினிக் நாளில் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் கூடப் போகலாம். வின்சென்ட் தே போல் சபையின் உண்டியலில் பஸ் காசுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கலாம். கேட்க வெட்கப்படுவோர் இருப்பர். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.